பனிக்குப் பழகின உடம்பு

மார்கழி பிறந்துவிட்டால் ஓசூர்ப் பக்கத்தில் பேச்சே பனியைப் பற்றித்தான். மொச்சைக்கு நல்லது, மாம்பூவுக்குக் கெட்டது, ரோஜாவுக்கு நோயைக் கொண்டுவரும் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். பயிருக்குப் பார்க்கிற இந்தக் கணக்கை உடம்புக்குப் பார்ப்பவர்கள் குறைவு. பாகலூர் சாலையை ஒட்டிய கிராமம் ஒன்றில் இருக்கும் அந்த 58 வயது விவசாயியும் பார்த்ததில்லை.

ஒன்றேகால் ஏக்கர் நிலம், ஒரு போர், கொத்தமல்லி, புதினா, பாலக்கீரை. இதுதான் அவருடைய உலகம். ஓசூர் உழவர் சந்தையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் இல்லை. ‘கொத்தமல்லிக்காரர்’ என்றால்தான் தெரியும். விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, முதல்நாள் சாயங்காலமே பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றி வைத்த கட்டுகளை சைக்கிள் கேரியரில் ஏற்றிக் கட்டுவார். சந்தைக்கு 11 கிலோமீட்டர். விடிவதற்குள் அங்கே இருக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கொத்தமல்லி வாடும். வாடினால் விலையும் வாடும்.

1980-ல் டிவிஎஸ் 50 வண்டி ஓசூரில் இருந்துதான் புறப்பட்டு ஊர் ஊராகப் போனது. பால்காரர், கீரைக்காரர், மீன்காரர் எல்லோருக்கும் கைகொடுத்த வண்டி. இவரிடமும் ஒன்று இருந்தது. மகளின் படிப்புச் செலவுக்கு அதை விற்றார். மகன் சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். அவருடைய பைக் காலையில்தான் வீடு திரும்பும். ஆகவே அப்பாவுக்குப் பழைய சைக்கிள். “இதுக்கென்ன, பெட்ரோலா போடணும்?” என்று சொல்லிக்கொண்டே ஆறு வருடம் மிதித்துவிட்டார்.

குளிரைப் பற்றி யாராவது கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான் உண்டு. “பனிக்குப் பழகின உடம்புப்பா இது.”

சைக்கிளே உண்டாக்கும் காற்று

ஓசூர், கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், மைசூர் பீடபூமியின் ஓரத்தில் இருக்கிறது. மேலே ஏற ஏறக் காற்று குளிரும். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறையும் என்பது பொதுக்கணக்கு. அதனால்தான் மலைக்குக் கீழே உள்ள கிருஷ்ணகிரியில் போர்வை போதும் என்றிருக்கும் நாளிலும் ஓசூரில் கம்பளி வேண்டியிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் தளியை ஆங்கிலேயர்கள் ‘குட்டி இங்கிலாந்து’ என்று அழைத்ததும் இந்தக் குளிருக்காகத்தான்.

மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்திருக்கும். மேகப் போர்வை இல்லாத இரவில் நிலத்தின் சூடெல்லாம் மேலே போய்விடும். விடிய விடியக் குளிர் ஏறிக்கொண்டே போகும். ‘சூரியன் வந்தால் குளிர் போய்விடும்’ என்று நினைப்பது இயல்பு. உண்மையில், சூரியன் எழும்பும் நேரத்தை ஒட்டித்தான் குளிர் உச்சத்தில் இருக்கிறது. வெயில் நிலத்தைச் சுட ஆரம்பித்த பிறகுதான் அது இறங்கும்.

இன்னொன்றும் அவருக்கு நன்றாகத் தெரியும். மேட்டு நிலத்தைவிடப் பள்ளத்து நிலத்தில்தான் பனி அதிகம் நிற்கும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலவே அதுவும் பள்ளத்தைப் பார்த்து வடியும். சாலை ஏரிக்கரையை நோக்கி இறங்கும் இடத்தில், ஈரத்துணியை முகத்தில் போட்டதுபோல் சட்டென்று ஒரு குளிர் அடிக்கும். இருட்டில் போனாலும் ஏரி வந்துவிட்டது என்று அந்தக் குளிரே சொல்லிவிடும்.

இதற்கு மேல் ஒரு குளிர் இருக்கிறது. அதை சைக்கிளே உண்டாக்குகிறது. உடம்பைச் சுற்றி எப்போதும் மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலம் ஒன்று இருக்கும். சும்மா நிற்பவருக்கு அது ஒரு சட்டை மாதிரி. சைக்கிளில் போகிறவருக்கு அந்தச் சட்டை நிற்பதில்லை. வேகமாக மிதிக்க மிதிக்க எதிர்காற்று அதைக் கழற்றி எறிந்துகொண்டே இருக்கும்.

இதை முதலில் அளந்து பார்த்தவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசல் என்ற இரண்டு அமெரிக்கர்கள். 1940-களின் தொடக்கத்தில் அண்டார்டிகாவில், ஒரு சிறிய பிளாஸ்டிக் உருளையில் தண்ணீர் ஊற்றிக் காற்றில் தொங்கவிட்டார்கள். காற்று எவ்வளவு வேகமாக வீசினால் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று குறித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கை 2001-ல் அமெரிக்காவும் கனடாவும் மனித முகத்துக்குப் பொருந்தும்படி திருத்தின. அதன்படி, காற்று 10 டிகிரியில் இருக்க, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அது முகத்தில் அடித்தால், தோலுக்கு அது சுமார் 7 டிகிரி மாதிரி இருக்கும். மூன்று டிகிரிதானே என்று தோன்றலாம். முக்கால் மணி நேரம் அந்தக் காற்றுக்கு எதிராகவே முகத்தையும் நெஞ்சையும் நீட்டிக்கொண்டு போகிறவருக்கு அந்த மூன்று டிகிரி பெரிய விஷயம்.

கை கேட்காத காலை

மார்கழி பாதியில் ஒரு நாள். மூடுபனியில் பத்தடி தள்ளி இருப்பது தெரியவில்லை. ஏரிக்கரை இறக்கத்தில் எதிரே ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கைப் பிடித்தார். பிடித்ததாக நினைத்தார். விரல்கள் மடங்கவில்லை. சைக்கிள் சாலையை விட்டு இறங்கிப் பக்கத்து ராகிக் கொல்லையின் வரப்பில் மோதிச் சாய்ந்தது. முழங்கையில் சிராய்ப்பு. பாதிக் கட்டுகள் சேற்றில் விழுந்தன. அன்றைய வியாபாரம் பாதியாகிப் போனது.

பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, சந்தையிலிருந்து திரும்பும்போது சைக்கிள் கடையில் நிறுத்தினார். கடைக்காரப் பையன் சக்கரத்தைச் சுற்றி, பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “கட்டை புதுசு மாதிரி இருக்குண்ணா. கம்பியும் சரியா இருக்கு. கையைத்தான் பார்க்கணும்.”

அவன் வேடிக்கையாகச் சொன்னாலும் அதுதான் உண்மை. குளிர் பட்டவுடன் உடம்பு முதலில் நடுவீட்டைக் காப்பாற்றப் பார்க்கும். இதயம், நுரையீரல், மூளை ஆகியவற்றுக்குச் சூடு குறையக் கூடாது. அதனால் கை, கால், காது, மூக்கு நுனிக்குப் போகும் ரத்தக் குழாய்களை இறுக்கிச் சுருக்கிவிடும். கோடையில் போரில் தண்ணீர் குறைந்தால் விவசாயி என்ன செய்வார்? ஓரத்துப் பாத்திகளைக் காயவிட்டு நடுப்பாத்தியைக் காப்பாற்றுவார். உடம்பு செய்வதும் அதேதான். ஓரத்துப் பாத்தி விரல்கள். விரலுக்குச் சூடான ரத்தம் குறைந்தால் அதன் உணர்ச்சி குறையும், பிடி தளரும், மூளை சொன்னதைச் செய்ய நேரம் எடுக்கும். சைக்கிளில் உயிரைக் காப்பாற்றும் பிரேக் அந்த விரல்களை நம்பித்தான் இருக்கிறது.

அன்று இறக்கத்தில் அவருக்கு அவ்வளவு குளிர் அடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏரிக்கு முன்னால் ஒரு சிறு மேடு. சுமையோடு அதை ஏறும்போது வியர்த்துவிடும்; பனியன் நனைந்துவிடும். உச்சிக்கு வந்ததும் மிதிப்பது நின்று சைக்கிள் தானாக இறங்கும். உடம்பு சூடு உண்டாக்குவதை நிறுத்தும் அதே நேரத்தில், காற்று இரண்டு மடங்கு வேகத்தில் ஈரப் பனியன்மேல் அடிக்கும். உலர்ந்த காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஈரத்துணி என்பது, உடம்பின் சூட்டை உறிஞ்சி வெளியே கொட்டும் பம்பு.

இது ஓசூர் மேட்டுக்கு மட்டும் உரிய கதையல்ல. உலகத்தின் சிறந்த சைக்கிள் வீரர்களையும் இதே இறக்கம்தான் சாய்த்திருக்கிறது. 1988 ஜூன் 5 அன்று இத்தாலியின் பெரிய சைக்கிள் பந்தயமான ஜிரோவில், சுமார் 2,600 மீட்டர் உயரமுள்ள காவியா கணவாயை வீரர்கள் கடக்க வேண்டியிருந்தது. மழை, பிறகு கடும் பனிப்பொழிவு. மேட்டில் எல்லோருக்கும் முன்னால் ஏறிப் போனவர், நெதர்லாந்து வீரர் ஜோஹன் வான் டெர் வெல்டே. அரைக்கைச் சட்டையோடு உச்சியைத் தொட்டார். இறக்கத்தில் அவரால் தொடர முடியவில்லை. குளிரில் விறைத்துப்போய், வண்டி ஒன்றில் ஏறிச் சூடேற்றிக்கொண்டு, 40 நிமிடத்துக்கும் மேல் பின்தங்கினார். அமெரிக்க வீரர் ஆண்டி ஹாம்ப்ஸ்டனுக்கு அவருடைய அணியினர் கதகதப்பான உடைகளையும் சூடான பானத்தையும் தயாராக வைத்திருந்தார்கள். அவர் தாக்குப்பிடித்தார், கடைசியில் அந்தப் பந்தயத்தையே வென்றார். ஏறும்போது யார் முன்னால் போனார்கள் என்பது அன்று கணக்கில் இல்லை. இறங்கும்போது யார் உலர்ந்திருந்தார்கள் என்பதுதான் கணக்கு.

அந்தக் காலத்துப் பந்தய வீரர்களிடம் எளிய வழக்கம் ஒன்று இருந்தது. உச்சிக்கு வந்ததும், சாலையோரம் நிற்பவர்களிடம் பழைய செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சில் செருகிக்கொண்டு இறங்குவார்கள். காகிதம் காற்றைத் தடுக்கும். இதற்குச் செலவே இல்லை.

வாயு என்று பெயர் வைத்த வலி

கை விஷயத்தைக் கடைக்காரப் பையன் கண்டுபிடித்துவிட்டான். நெஞ்சு விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கீழே விழுவதற்குச் சில நாள் முன்பிருந்தே, அந்த மேட்டில் ஏறும்போது நெஞ்சு நடுவில் கல்லை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றால் போய்விடும். பிறகு தள்ளிக்கொண்டே மேடேறி, மறுபடியும் ஏறி மிதிப்பார். ராத்திரி சாப்பிட்ட மொச்சைக் குழம்பு வாயு என்று பெயர் வைத்தார். ஓமத் தண்ணீர் குடித்தார். பூண்டு சுட்டுத் தின்றார். ஒருநாள் சோடா. ஏப்பம் வந்தது, நிம்மதியும் வந்தது. மறுநாள் மேட்டில் கல்லும் வந்தது.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. தை மாதம்தான் கொத்தமல்லிக்குக் காசு. பொங்கல் நெருங்குகிறது. சங்கத்துக் கடன் தவணை கட்ட வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் ‘ரெஸ்ட் எடு’ என்று சொல்லிவிடுவார்களே என்ற பயம், வலியைவிடப் பெரிதாக இருந்தது.

கண்டுபிடித்தது பேத்தி. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், சந்தையிலிருந்து திரும்பும் தாத்தா புளியமரத்தில் சாய்ந்து நிற்பதைப் பார்த்தாள். “தாத்தா, ஏன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?” என்று கேட்டாள். “சும்மாடா கண்ணு, மூச்சு வாங்குது” என்றார். சாயங்காலம் அது பாட்டியின் காதுக்குப் போய்விட்டது.

அவருடைய மனைவி சத்தம் போடவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார். “ஏங்க, கொத்தமல்லி இலை ஓரம் சுருண்டா அன்னைக்கே பூதக்கண்ணாடி வெச்சுப் பார்க்கறீங்க. எத்தனை நாளா இப்படி நெஞ்சு வலிக்குது?”

“பத்துப் பன்னெண்டு நாள் இருக்கும். பனிதான். வேற ஒண்ணுமில்ல.”

“பனி எல்லாருக்கும்தானே பெய்யுது? எனக்கு வலிக்கலையே?”

இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

கதவைத் தட்டிய மருத்துவம்

2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ரத்த அழுத்தம், சர்க்கரை இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுக்கும் திட்டம். அந்தத் தன்னார்வலர் பெண் இவர் வீட்டுக்கும் வந்திருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்பே ரத்த அழுத்தம் அதிகம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மூன்று மாதம் போட்டார். உடம்பில் ஒரு தொந்தரவும் தெரியவில்லை. ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று நிறுத்திவிட்டார். டப்பா பரணில் கிடந்தது.

மறுநாள் காலை மனைவியே அந்தப் பெண்ணை அழைத்து வந்தார். கருவியில் 178/104 என்று காட்டியது. “ஐயா, இன்னைக்கு சைக்கிளைத் தொடக் கூடாது” என்று சொன்ன அந்தப் பெண், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னார். ஷிஃப்ட் முடிந்து வந்த மகன், தூங்காமலே அப்பாவைப் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப் போனார்.

டாக்டர் இளவயதுக்காரர். இ.சி.ஜி. எடுக்கச் சொல்லிவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

“எப்ப வலிக்குது ஐயா?”

“மேடு ஏறும்போது.”

“நின்னா?”

“ரெண்டு நிமிஷத்துல போயிடும்.”

“மத்தியானம் வயல்ல வேலை செய்யும்போது?”

“அவ்வளவா இல்லைங்க. விடியக்காலம் பனியிலதான்.”

“வாயுவுக்கு மேடு பள்ளம் தெரியாது ஐயா. இதயத்துக்குத்தான் தெரியும்.”

பிறகு அவர் விளக்கினார். குளிரில் கை, கால் குழாய்கள் சுருங்கும்போது ரத்தம் ஓடும் பாதை குறுகிவிடுகிறது. அழுத்தம் ஏறுகிறது. அதே அளவு ரத்தத்தை அனுப்ப இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், “ரெண்டு இஞ்ச் பைப் போட்ட மோட்டாருக்கு ஒண்ணேகால் இஞ்ச் பைப் மாட்டின மாதிரியா?” என்று கேட்டார். “அதேதான். அதோட, மோட்டாருக்கு வர்ற கரண்டும் குறைஞ்சு போச்சுன்னா?” என்றார் டாக்டர். இதயத்துக்கே ரத்தம் கொண்டுவரும் குழாயில் அடைப்பு இருந்தால், உழைப்பு கூடும்போது அதற்கு வேண்டிய ரத்தம் கிடைக்காது. மேடு, சுமை, எதிர்காற்று, குளிர் எல்லாம் ஒன்றாகச் சேரும் இடத்தில் அது வலியாகப் பேசும். நின்றால் உழைப்பு குறைகிறது, வலி போகிறது. விடியற்காலை நேரமும் இதயத்துக்கு லேசானதல்ல. எழுந்த முதல் சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் இயல்பாகவே ஏறும். மாரடைப்புகள் அந்த நேரத்தில் அதிகம் வருவதும் மருத்துவ உலகம் அறிந்ததே.

அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஆஞ்சியோ செய்து பார்த்ததில் ஒரு குழாயில் பெரிய அடைப்பு. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் ஸ்டென்ட் வைத்தார்கள். “இன்னும் பத்து நாள் மிதிச்சிருந்தீங்கன்னா, மேட்டுல நின்னது நின்னதாவே போயிருக்கும்” என்று வார்டில் ஒரு நர்ஸ் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் அவருடைய மனைவி முதல்முறையாக அழுதார்.

குளிர் அவருக்கு அடைப்பைக் கொண்டுவரவில்லை. அது வருடக்கணக்காக உள்ளே வளர்ந்திருந்தது. பரணில் கிடந்த மாத்திரையும் மடியில் இருந்த பீடியும் வளர்த்தது அது. குளிர் செய்தது, அதைக் காட்டிக்கொடுத்த வேலை மட்டும்தான். அவரோ காட்டிக்கொடுத்தவனையே குற்றவாளி ஆக்கி, ‘பனி’ என்று பெயர் வைத்துக் கணக்கை முடித்துவிட்டார்.

டீக்கடைக் கேள்விகள்

மாசி பிறந்த பிறகு அவர் சந்தைக்குத் திரும்பினார். டீக்கடையில் கூட்டம் கூடிவிட்டது. அவரைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் தங்கள் உடம்பைப் பற்றித்தான் கேட்டார்கள். டாக்டர் சொன்னதையெல்லாம் மகன் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“ஒரு கட்டிங் போட்டா குளிர் தெரியாதுன்னு சொல்றாங்களே அண்ணா?” தெரியாதுதான். சாராயம் தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கும். சூடான ரத்தம் தோலுக்கு வரும், கதகதப்பாகத் தோன்றும். உள்ளே இருக்கும் சூடு அந்த வழியாகத்தான் வெளியே போகும். குளிர் தெரியாமல் போவதுதான் அதிலுள்ள ஆபத்து. பீடி அதற்கு நேர் எதிர். சுருங்கிய குழாயை இன்னும் சுருக்கும்.

“எனக்கு நெஞ்சு வலியில்லை. பனியில மிதிச்சா விசில் மாதிரி மூச்சு வருது. அது?” குளிர்ந்த, உலர்ந்த காற்றை வேகமாக இழுக்கும்போது சிலருக்கு மூச்சுக் குழாய் இறுகும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அதிகம். வாயையும் மூக்கையும் துண்டால் லேசாகச் சுற்றிக்கொண்டால், உள்ளே போகும் காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாகும், ஈரமாகும். முதல் பத்து நிமிடம் மெதுவாக மிதிப்பதும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதும் நல்லது. அப்படியும் விசில் சத்தம் வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

“கை விறைச்சா தீ மூட்டிக் காய்ச்சலாமா?” உணர்ச்சி இல்லாத கைக்குச் சூட்டின் அளவு தெரியாது, சுட்டுவிடும். கக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். கையுறை இல்லையென்றால் பழைய சாக்ஸும் உதவும். ஆனால் பிரேக்கைப் பிடிக்க முடிகிறதா என்று வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். இறக்கம் வருவதற்கு முன் விரலை நாலு முறை மடக்கி விரிக்க வேண்டும்.

“எனக்குச் சர்க்கரை இருக்கு. கால் குளிரே தெரியறதில்லை.” அதுதான் எச்சரிக்கை. சர்க்கரையால் காலின் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் குளிரும் தெரியாது, காயமும் தெரியாது. சாக்ஸும் மூடிய செருப்பும் போட்டு, வீட்டுக்கு வந்ததும் பாதத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

“பிரஷர் மாத்திரை போட்டதிலிருந்து கை ஜில்லுன்னு இருக்குதே, நிறுத்திடலாமா?” சில மாத்திரைகளுக்கு அந்தக் குணம் உண்டு. டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். தானாக நிறுத்தக் கூடாது. இதைச் சொல்லும்போது அவர் ஒரு நிமிடம் நிறுத்தி, “நான் நிறுத்தினேன். பார்த்தீங்கல்ல?” என்றார்.

உடையைப் பற்றி அவரே சொன்னார். ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட, மெல்லியதாக இரண்டு மூன்று துணி மேல். மேடு வந்தால் ஒன்றைக் கழற்றலாம், இறக்கம் வந்தால் போட்டுக்கொள்ளலாம். குறும்பர் நெய்த கம்பளி இருந்தால் விட்டுவிடக் கூடாது. கொஞ்சம் நனைந்தாலும் சூடு காக்கும் குணம் ஆட்டுரோமத்துக்கு உண்டு. நெஞ்சில் ஒரு பழைய பேப்பர். பாலிதீன் பையில் ஓர் உலர்ந்த பனியன். சந்தையில் இறங்கியதும் முதல் வேலை பனியன் மாற்றுவது, இரண்டாவது வேலைதான் கட்டை இறக்குவது. வெறும் வயிற்றோடு கிளம்பக் கூடாது. ஒரு சொம்பு சூடான ராகிக் கூழ். குளிர் காலத்தில் தாகம் தெரியாது, ஒன்றுக்கு மட்டும் அடிக்கடி வரும். ஆகவே தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர். மூடுபனியில் பின்னால் வரும் லாரிக்குத் தெரிய, மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர். காதை மூடலாம், ஆனால் ஹாரன் கேட்காத அளவுக்கு இறுக்கக் கூடாது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் மகன் பெரிய எழுத்தில் எழுதியிருந்ததை அவர் படிக்கவில்லை. நோட்டையே திருப்பிக் காட்டினார். நெஞ்சில் அழுத்தம், இடது கை, தாடை அல்லது முதுகுக்குப் பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல். இதில் எது வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். நின்றதும் போய்விட்டாலும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். போகாமல் நீடித்தால் 108-ஐ அழைக்க வேண்டும். தானே மிதித்துக்கொண்டோ, வண்டி ஓட்டிக்கொண்டோ போகக் கூடாது. 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் உதவியாக 14 மாத்திரைகளை ஒரே வேளையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே, எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்பதை வலி வருவதற்கு முன்பே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த மார்கழி

அடுத்த மார்கழியில் அந்த ஊரில் ஒரு மாற்றம் நடந்தது. கீரை போடும் ஐந்து பேர் சேர்ந்து, பனிக்காலம் முடியும் வரை ஒரு குட்டியானை வண்டியை வாடகைக்குப் பேசிக்கொண்டார்கள். வாடகையை ஐந்தாகப் பிரித்தால், வாடிய கட்டுக்கும் சேற்றில் விழுந்த கட்டுக்கும் ஆகும் நஷ்டத்தைவிட அது குறைவாகவே வந்தது. முறை வைத்து ஒருவர் சந்தைக்குப் போய் ஐந்து பேர் சரக்கையும் விற்றுவந்தார். மீதி நால்வர் விடியும் வரை வீட்டில் இருந்தார்கள்.

சைக்கிள் போகவில்லை. டாக்டரே மிதிக்கச் சொல்லியிருக்கிறார். மிதிப்பது இதயத்துக்கு நல்லது. வெயில் ஏறி ஒன்பது மணி ஆனதும், மாத்திரை போட்டுக்கொண்டு, சுமை இல்லாமல், மெதுவாக ஏரிக்கரை வரை போய்வருகிறார். மேட்டில் இறங்கித் தள்ளுகிறார். யாராவது பார்த்துச் சிரித்தால் அவருக்குக் கவலையில்லை.

பரணில் கிடந்த மாத்திரை டப்பா இப்போது சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. பேத்தி தினமும் காலையில் எண்ணிப் பார்க்கிறாள். தை மாதம் ஒருநாள், பக்கத்துக் கொல்லைக்காரர் இருட்டோடு சைக்கிளில் கட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். இவர் வேலியோரம் நின்று, “பனி ஜாஸ்தியா இருக்கே தம்பி, விடிஞ்சு போகலாமே?” என்றார்.

“நமக்கென்ன அண்ணா, பனிக்குப் பழகின உடம்பு.”

அவர் வேலியைத் தாண்டிப் போய் அந்த சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, மேடு ஏறும்போது நெஞ்சு எப்படி இருக்குது? அதைச் சொல்லிட்டுப் போ.”